ஒழுகிய ஷட்டரும் விலாங்குக் குஞ்சுகளும்

யார் வீட்டுக்குப் போனாலும் ஒழுகுகிற குழாயை இறுக்கி மூடிவிட்டுத்தான் உட்காருவேன். கல்யாண மண்டபத்தில் கை கழுவும் இடத்தில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தால் எனக்குப் பாயசம் இறங்காது. ஒருமுறை தேவாலயத்தில் ஜெபம் நடந்துகொண்டிருக்கும்போதே எழுந்துபோய், வெளியே தொட்டி நிரம்பி வழிவதைப் பார்த்து மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தேன். போதகர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டும். ஆற்றின் கடைசி வாய்க்காலில் கடைசி வயல் எங்களுடையது. மேட்டூரில் திறந்த தண்ணீர் எல்லா ஊரையும் நனைத்த பிறகு மிச்சம் மீதி இருந்தால் எங்களிடம் வரும். ஊரார் வாய்க்கால் தலைப்பில் மாலை போட்டுக் காத்திருந்து, அந்த மாலை சருகான பிறகு தண்ணீர் வந்த வருடமும் உண்டு. அப்படிப்பட்ட ஊரில் பிறந்தவளுக்குத் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டால் உட்கார முடியாது.

இந்தக் குணம் எனக்கு நல்ல பெயரைத்தான் வாங்கித் தந்திருக்கிறது, ஒரே ஒரு தடவை தவிர. அந்தத் தடவை நான் செய்த தவற்றைச் சரிசெய்தது இரண்டு பேர். அவர்களுக்கு நன்றி சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மன்னார்குடியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன். நாற்பத்தாறு வயதில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தேன். "பேரன் பேத்தி எடுக்கிற வயசுல உனக்கு எதுக்கு இது?" என்று என் தங்கை கேட்டாள். எனக்கே சரியாகத் தெரியாததை அவளுக்கு எப்படிச் சொல்வது? நான் எடுத்துக்கொண்டது விலாங்கு. பாம்பு மாதிரி இருக்கும், கையில் நிற்காது, எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் சாப்பிடவும் மாட்டார்கள். ஆனால் அதன் கதையைக் கேட்டால் யாருக்கும் மரியாதை வந்துவிடும். நடுக்கடலில் பிறந்து, கண்ணாடி போன்ற குஞ்சாக அலையோடு மிதந்து கரைக்கு வருகிறது. கடல்நீரில் எங்கேயாவது நல்ல தண்ணீரின் வாசம் பட்டால் அந்த வாசத்தைப் பிடித்துக்கொண்டு முகத்துவாரத்துக்குள் நுழைகிறது. ஆறு, வாய்க்கால், குளம் என்று ஏறி வந்து, வருடக்கணக்கில் நம் ஊர்ச் சேற்றில் வளர்ந்து, கடைசியில் முட்டையிட ஒரே ஒரு முறை கடலுக்குத் திரும்புகிறது.

ஏறி வரும் வழியில் அது சந்திக்கும் முதல் சுவர், எங்கள் ஆறு கடலில் சேர்வதற்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும் சட்ரஸ். ஆற்றின் குறுக்கே கட்டிய சுவரையும் அதில் ஏறி இறங்கும் இரும்பு ஷட்டர் பலகைகளையும் சேர்த்து எங்கள் பக்கத்தில் சட்ரஸ் என்போம். உப்புத் தண்ணீர் உள்ளே வராமலும் நல்ல தண்ணீர் வீணாகக் கடலுக்குப் போகாமலும் அது காக்கிறது. அது இல்லாவிட்டால் எங்கள் கடைமடையில் ஒரு பயிரும் நிற்காது. ஆனால் சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ஒரு குஞ்சுக்கு அது மலை. பலகையைத் தூக்கிவிட்டால் வழி கிடைக்குமே என்று கேட்பீர்கள். வெள்ளக் காலத்தில் எல்லாப் பலகையையும் தூக்கத்தான் தூக்குவார்கள். அப்போது வரும் வேகத்தில் தென்னைமரமே உருண்டு போகும், குஞ்சு எதிர்த்து ஏறுமா? வெள்ளம் வடிந்ததும் பலகையை இறக்கிவிடுவார்கள். அப்போது வழியே இல்லை. மழை பொய்த்து மேலே அணையும் வறண்ட வருடமென்றால் நல்ல தண்ணீரின் வாசம் கடலுக்கே போகாது. குஞ்சுகள் முகத்துவாரம் வரைகூட வருவதில்லை.

என் வேலை எண்ணுவது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் விடிந்ததும் ஸ்கூட்டரில் சட்ரஸுக்குப் போவேன். பழைய நைலான் வலையைக் கொத்தாகக் கட்டிச் சுவருக்குக் கீழே ஒன்று, மேலே ஒன்று முன்தினம் மாலையே தண்ணீரில் போட்டிருப்பேன். காலையில் எடுத்து வெள்ளைத் தாம்பாளத்தில் உதறினால் வேகவைத்த சேமியா மாதிரி விழும். சேமியாவுக்கு இரண்டு கறுப்புக் கண் இருந்தால் எப்படியோ அப்படி. எண்ணிவிட்டுத் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுவேன். முதல் இரண்டு வருடமும் கீழே நிறையவும் மேலே கொஞ்சமும் கிடைத்தன. அந்தக் கொஞ்சம் எப்படி மேலே வந்தன என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. எண்ணிக்கை கிடைத்த சந்தோஷத்தில் இருந்தேன்.

சட்ரஸைப் பார்த்துக்கொள்ள ஒரு லஸ்கர் இருந்தார். பலகையை ஏற்றுவது, இறக்குவது, அண்டிவரும் வெங்காயத்தாமரையைத் தள்ளிவிடுவது எல்லாம் அவர் வேலை. ஒல்லியான ஆள், என்னைவிடக் கொஞ்சம் வயது மூத்தவர், பேச்சில் எப்போதும் ஒரு நக்கல் இருக்கும். நான் தாம்பாளத்தோடு குனிந்திருந்தால், "என்ன மேடம், இன்னைக்கு எல்லாரும் பிரசென்ட்டா?" என்பார். ஓரத்துப் பலகை ஒன்றின் கீழ்மூலை துருப்பிடித்து உளுத்துப்போயிருந்தது. அதன் வழியே இரவும் பகலும் தண்ணீர் ஒழுகியது. அவர் வைக்கோலையும் களிமண்ணையும் உருட்டி உருட்டி அந்த ஓட்டையில் அடைப்பார். இரண்டு நாளில் அது கரைந்து மறுபடி ஒழுகும்.

அந்த ஒழுகல் என்னைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. விலாங்கை எண்ணிக்கொண்டிருக்கும்போதே காது அங்கேதான் இருக்கும். மேலே, சட்ரஸை ஒட்டியே, என் வயதுப் பெண் ஒருவர் குத்தகைக்கு எடுத்துச் சம்பா போட்டிருந்தார். கணவர் துபாயில். தேங்கி நிற்கும் தண்ணீரை இறைத்துத்தான் அவர் வயல் பிழைத்தது. "ராத்திரி பூரா ஒழுகிப் போவுது டீச்சர். படுத்தா தூக்கமே வரல. நீங்க படிச்சவங்க, ஒரு மனு எழுதிக் குடுங்களேன்" என்றார்.

எழுதினேன். எழுதியதோடு விட்டேனா? திருவாரூரில் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு அவரோடு நானே போனேன். மூன்று மாதம் தொடர்ந்து போனேன். கூட்டத்தில் என் குரல் மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்டது. நான்காம் மாதம் ஆட்கள் வந்து உளுத்த பலகையை மாற்றினார்கள், ஓரமெல்லாம் ரப்பர் வைத்து அடைத்தார்கள், பாசி பிடித்த சுவரைக் கொத்தி வழவழவென்று சிமெண்ட் பூசினார்கள். ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஊர் விவசாயிகள் எனக்குச் சால்வை போட்டார்கள். என் கால் கொஞ்ச நாள் தரையில் நிற்கவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

அடுத்த பருவம் வந்தது. அது என் பதிவின் கடைசி நீட்டிப்பு. அந்த வருட எண்ணிக்கையோடு ஆய்வேட்டை முடித்தாக வேண்டும். ஐப்பசியில் மழை நன்றாக இருந்தது. கீழ்க் கொத்தில் குஞ்சுகள் மொய்த்தன. மேல் கொத்தில் ஒன்றுமில்லை. மறுநாளும் இல்லை. ஒரு வாரம் போயும் ஒன்றுகூட இல்லை.

எனக்குக் கோபம் வந்தால் யார் மேலாவது பழி போட்டாக வேண்டும். அணையைத் தாமதமாகத் திறந்தவர்களைத் திட்டினேன். முகத்துவாரத்தில் மணல் சேர்ந்ததைத் திட்டினேன். இறால் குட்டைகளைத் திட்டினேன். ஆய்வேட்டில் இதையெல்லாம் காரசாரமாக நான்கு பக்கம் எழுதியும் வைத்தேன். கார்த்திகை நடுவில் ஒரு காலை லஸ்கரிடமும் புலம்பினேன்.

அவர் கையில் டீ கிளாஸோடு சுவருக்குக் கீழே காட்டினார். "அங்க பாருங்க மேடம்."

கொக்கும் மடையானும் சுவரடியில் வரிசையாக நின்றன. ஏறத் தெரியாமல் சுவரோரமாக மொய்த்துக் கிடந்த குஞ்சுகளைச் சாவகாசமாகக் கொத்திக்கொண்டிருந்தன.

"முன்னெல்லாம் இத்தனை கொக்கு இங்க வராது. அந்த ஒழுகல்ல நான் வைக்கோல் அடைப்பேன்ல, அதைப் பிடுங்கும்போது நூல் நூலா நெளியும். நான் புழுன்னு நெனச்சு உதறி மேல விட்டுடுவேன். இப்பத்தான் ஒழுகல, வைக்கோலும் இல்லயே" என்றார்.

மூன்று வருடம் ஏறும் குஞ்சுகளை எண்ணியவள் நான். ஓட்டைக்குப் பத்தடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, அந்த ஓட்டையின் சத்தத்தையே சபித்துக்கொண்டு, மனு எழுதி, சண்டை போட்டு, என் கையாலேயே அதை அடைத்திருக்கிறேன். வேறு ஊரில் பிறந்த ஆராய்ச்சிக்காரி யாராவது வந்திருந்தால் முதல் நாளே கண்டுபிடித்திருப்பாள். அவளுக்கு அந்தச் சத்தம் வலித்திருக்காது, பக்கத்தில் போய்ப் பார்த்திருப்பாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. பட்டம் போகட்டும். அந்தக் கொக்குகளின் அலகைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

பருவம் முடிய ஒரு மாதத்துக்குச் சற்று மேல் இருந்தது. புதுப் பலகையில் ஓட்டை போடச் சொல்லி எந்த அதிகாரியிடம் போவது? போனாலும், உப்பு உள்ளே ஏறிவிடும், அதைக் கேட்க எனக்கே வாய் வராது. லஸ்கர்தான் யோசித்துச் சொன்னார்: "ஓட்டை வேணாம். மேலேருந்து ஒரு டியூப் போட்டுத் தண்ணிய உறிஞ்சி, சுவரு மேலால இந்தப் பக்கம் விடுவோம். அது ஒழுகற எடத்துல வைக்கோல் பிரி ஒண்ணு தொங்கவிட்டா ஏறாதா?" பிரி என்றால் வைக்கோலை முறுக்கிச் செய்யும் கயிறு. நெல்கட்டு கட்ட எல்லோரும் திரிப்பது. ஈரமான சொரசொரப்பு இருந்தால் விலாங்குக் குஞ்சு செங்குத்தாகக்கூட ஏறும் என்று நான் படித்திருக்கிறேன். படித்தது எனக்கு வரவேண்டிய நேரத்தில் வரவில்லை, அவருக்கு வந்தது.

"ஆனா தண்ணி அந்தம்மாவோடது. அவங்கள்ட்ட நீங்கதான் கேக்கணும்" என்றார்.

அந்த வருடம் நான் செய்ததிலேயே கஷ்டமான காரியம் அதுதான். கடைமடைக்காரியிடம் போய், உன் தண்ணீரைக் கொஞ்சம் கடல் பக்கம் ஒழுகவிடு என்று இன்னொரு கடைமடைக்காரி கேட்க வேண்டும். வரப்பில் நின்று, தப்பு செய்தது நான்தான் என்பதில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் களை பறித்த கையைக் கழுவாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஒழுகுதுன்னு மனு குடுத்ததே நாமதான டீச்சர்?"

"ஆமாங்க."

"இப்ப ஒழுகலன்னு வர்றீங்க."

"ஆமாங்க."

அவர் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, ஒரு டியூப் என்றால் எவ்வளவு தடிமன், எத்தனை நாள், உப்பு ஏறாது என்பது நிச்சயமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். என்னோடு வந்து சுவரடியில் எட்டிப் பார்த்தார். கொக்கு ஒன்று கொத்தி விழுங்கியது. அவர் கீழே கிடந்த மண்கட்டியை எடுத்து அதன் மேல் எறிந்தார். "போடுங்க" என்றார்.

வைக்கோலும் அவர் போரிலிருந்துதான் வந்தது. நான் மேலாக இருந்த பளிச்சென்ற வைக்கோலை உருவப் போனேன். "அது வழுக்கும் மேடம். மழையில ஊறின அடி வைக்கோல எடுங்க" என்று லஸ்கர் தடுத்தார். மூன்று பேருமாக உட்கார்ந்து என் கைத் தடிமனுக்குப் பிரி திரித்தோம். என் பக்கம் திரித்தது தளர்ந்துபோய், இரண்டு முறை பிரித்துத் திரும்பத் திரித்தார்கள். சுவரின் உச்சியில் ஒரு கல்லை வைத்துப் பிரியின் ஒரு முனையைக் கீழே உப்புத் தண்ணீரிலும் மறுமுனையை மேலே நல்ல தண்ணீரிலும் தொங்கவிட்டோம். டியூபின் நுனியை அந்தம்மாவே வாயால் உறிஞ்சித் துப்ப, தண்ணீர் கொட்டிப் பிரியை நனைத்தது.

இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் விடியலில் போனபோது லஸ்கர் சுவர் மேல் குப்புறப் படுத்துக் கிடந்தார். ஓடினேன். "சத்தம் போடாம வாங்க மேடம்" என்று கையசைத்தார். பக்கத்தில் நானும் படுத்தேன், புடவையோடு, அந்த ஈரச் சிமெண்டில். வைக்கோலுக்கு நடுவே கண்ணாடி நூல்கள் நெளிந்துகொண்டிருந்தன. ஒன்று கொஞ்சம் ஏறும், தாளைப் பிடித்துக்கொண்டு ஓய்வெடுக்கும், பிறகு ஏறும். ஒன்று வழுக்கிக் கீழே விழுந்து மறுபடி அடியிலிருந்து ஆரம்பித்தது. உச்சிக்கு வந்த ஒன்று கல்லைச் சுற்றிக்கொண்டு, அந்தப் பக்கம் நல்ல தண்ணீரில் சத்தமில்லாமல் இறங்கியது. கர்த்தாவே என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்த காலைகள் அதிகமில்லை.

அதன் பிறகு தினமும் ஏறின. நான் எண்ணினேன். மார்கழி பிறந்ததும் மழை சட்டென்று நின்றது. மேலிருந்து வரும் தண்ணீரும் முறை வைத்து விட்டதில் எங்கள் பக்கம் வருவது நூலாகிப்போனது. அந்தம்மாவின் சம்பா பால் பிடிக்கும் நேரம் அது. தேங்கிய தண்ணீர் நாளுக்கு நாள் இறங்கியது. சட்ரஸை ஒட்டிய மேட்டு மூலையில் மண் வெளுத்து, கோடு கோடாக வெடிப்பு விட்டிருந்ததை ஒரு காலை பார்த்தேன். டியூபிலிருந்து தண்ணீர் பாட்டுக்குக் கடல் பக்கம் கொட்டிக்கொண்டிருந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. குஞ்சுகள் இன்னும் ஏறிக்கொண்டுதான் இருந்தன, என் எண்ணிக்கைக்கு இன்னும் இரண்டு வாரம் வேண்டும். இருந்தாலும் போய் டியூபைப் பிடுங்கி வெளியே போட்டேன். கொட்டுவது நின்றது.

"என்ன டீச்சர் பண்றீங்க?" அந்தம்மா வரப்பில் வேகமாக வந்துகொண்டிருந்தார். முழங்கால் வரை சேறு.

"பயிரு காயுதுங்க. என்னால பாக்க முடியல. எனக்கு வந்த வரைக்கும் போதும்."

"உங்களுக்குப் போதும். அதுக்குப் போதுமா?"

பிரியில் பாதி ஏறியிருந்த குஞ்சுகளைக் காட்டினார்.

"எம் பயிரு இன்னும் ரெண்டு நாளு தாங்கும். எறைச்சுக்குவேன். அந்தக் குஞ்சு வெயில்ல ரெண்டு நாழி தாங்குமா? எத்தனை வருசம் மேல இருக்கிறவங்க, இவங்களுக்கு வந்த வரைக்கும் போதும்னு நமக்கு அடைச்சிருக்காங்க. வாய்க்காலப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தது எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். நான் இன்னொருத்தருக்கு அடைக்க மாட்டேன்" என்றார்.

டியூபை எடுத்துத் தண்ணீரில் அமுக்கி, மறுநுனியை உறிஞ்சி, துப்பினார். தண்ணீர் பிரியில் விழத் தொடங்கியதும் எதுவும் நடக்காதது போல வயலுக்குத் திரும்பிப் போய்விட்டார். நான் சுவர் மேல் உட்கார்ந்து அழுதேன். லஸ்கர் வெங்காயத்தாமரையைத் தள்ளுவது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்கும் அவருக்கு நன்றி.

மார்கழி முடியும் வரை டியூப் ஓடியது. வயல் பெரும்பாலும் பிழைத்தது. அந்த மேட்டு மூலை மட்டும் பிழைக்கவில்லை. அறுவடையன்று போயிருந்தேன். அந்த இடத்துக் கதிரைக் கையில் உருவினால் எல்லாம் பதர், ஊதினால் பறந்தது. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் கேட்டதற்கும், "அது எப்பவுமே மேடு டீச்சர்" என்று சொல்லிவிட்டு எனக்கு மோர் ஊற்றிக் கொடுத்தார்.

ஆய்வேட்டை முடித்து நெறியாளரிடம் கொடுத்தேன். பழி போட்டு எழுதிய நான்கு பக்கத்தைக் கிழித்துவிட்டு, ஷட்டரை அடைத்தது நான்தான் என்று எழுதியிருந்தேன். அதை அவர் அப்படியே விட்டுவிட்டார். பிரியைப் பற்றிய அத்தியாயத்தில் மட்டும் தன் கையால் ஒரு வரி சேர்த்திருந்தார்: இம்முறையால் ஏற்படும் நீர் இழப்பு மிகச் சொற்பம், பொருட்படுத்தத் தேவையில்லை.

அந்த வரியை அடித்துவிட்டேன். இழப்பு சொற்பம்தானே, ஒரு டியூப் தண்ணீர்தானே, ஏன் அடித்தீர்கள் என்று கேட்டார். அந்த மூலையில் எத்தனை மரக்கால் நெல் விளைந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது சார், தெரிந்தவர் சொல்ல மாட்டேன் என்கிறார் என்றேன்.